முட்டைக்கு மிதிக்கிற கால்

முட்டைக்காரரின் மோட்டார் சைக்கிள் மேட்டுத் தெருவில் இறங்குகிற சத்தம் கேட்டுத்தான் நான் பாயைச் சுருட்டுவேன். என்னிடம் ஒரு அலாரம் கடிகாரமும் இருந்தது. அதற்குத் தோன்றினால் அடிக்கும், தோன்றாவிட்டால் இல்லை. முட்டைக்காரர் அப்படியில்லை. காலை ஆறேகாலுக்கு மேட்டு உச்சியில் இஞ்சின் சத்தம் தணியும். அப்புறம் பின் சக்கரத்திலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய உரசல் தெருவின் கடைசி வரைக்கும் ஒரே சீராக வரும். பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே இறங்குகிறார் என்று அர்த்தம். பின்னால் அவர் மனைவி ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் முட்டைப் பெட்டியை இடது கையால் அணைத்துக்கொண்டு, வலது கையை அவர் தோளில் வைத்திருப்பார். இப்போது நான் குடியிருக்கும் இடத்தில் விடிந்தால் நூறு வண்டி போகிறது. எதில் யார் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. காது அந்த ஒரு வண்டியைத்தான் இன்னும் தேடுகிறது. வயசாகிவிட்டது, வேறென்ன.

நான் அப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஒர்க்‌ஷாப்பின் மாடியில் ஒற்றை அறை எனக்கு. கீழே தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். அதை நடத்திய மெக்கானிக் என்னைவிட நாலைந்து வயசு சின்னவன், கையும் வாயும் ஓயாதவன். ஒர்க்‌ஷாப்பின் பின் சுவரும் முட்டைக்காரர் வீட்டுச் சமையலறைச் சுவரும் ஒன்றுதான். அந்தச் சுவரில் ஒரு ஜன்னல். முட்டைக்காரரின் மனைவி மெக்கானிக்கின் கூடப் பிறந்த அக்கா என்பதால் டீ, சாப்பாடு, திட்டு எல்லாமே அந்த ஜன்னல் வழியாக வந்துவிடும். மாடியில் இருந்த எனக்கும் அதில் பங்கு உண்டு, திட்டு உட்பட. நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அந்த வீட்டில் முழு முட்டையைச் சமைத்து நான் பார்த்ததில்லை. விரிசல் விட்டதுதான் வீட்டுக்கு. சாயங்காலம் அதை உடைத்துக் கல்லில் ஊற்றி, மிளகு தூவி, ரொட்டித் துண்டின் நடுவில் மடித்து வைத்து ஜன்னலில் நீட்டுவார் அக்கா. அன்றைக்கு முட்டைக்காரர் எத்தனை குழியில் வண்டியை விட்டார் என்று தட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். பெரும்பாலும் எனக்குப் பாதி முட்டைதான் கிடைக்கும், அவ்வளவு நன்றாக ஓட்டுவார். இருபத்திரண்டு வருஷமாக அவர் திடீரென்று பிரேக் போட்டு யாரும் பார்த்ததில்லை. ஐம்பதடி தூரத்தில் ஒரு கோழி குறுக்கே வரலாமா என்று யோசித்தாலே இவர் கால் பெடலில் மெல்ல இறங்கத் தொடங்கிவிடும். தெருவில் அதை 'முட்டை மிதி' என்று சொல்லிக் கேலி செய்வோம்.

அது தூறல் விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டிருந்த மாதம். மேட்டுத் தெருவின் வளைவில் ஒரு தள்ளுவண்டிக்காரர் ஐஸ் கட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். முட்டைக்காரர் பார்த்தார், மிதித்தார், வண்டி நிற்கவில்லை. அந்த வண்டியில் முன் பிரேக் பேருக்குத்தான். அதையும் ஈர ரோட்டில் பிடித்தால் சறுக்கும் என்று ஹேண்டிலை ஒடித்தார். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. அக்காவுக்கு இடது முன்கையில் இரண்டு எலும்பும் போய்விட்டது. ஆனால் பெட்டியில் இருந்த முட்டைகளில் முக்கால்வாசி பத்திரமாக இருந்தன. அதுதான் வினையாகிப் போனது. முட்டை எல்லாம் உடைந்திருந்தால் அந்த வீடு ஒரு வாரத்தில் தேறியிருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் பிளாஸ்கில் பால் கொண்டுபோனேன். மாவுக்கட்டு அப்போதுதான் போட்டு முடித்திருந்தார்கள். அக்கா அவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க. நல்லா மிதிச்சீங்களா? இல்ல, முட்டைக்கு மிதிக்கிற மாதிரி மிதிச்சீங்களா?"

"மிதிச்சேன்."

"முழுசா?"

"முழுசாத்தான்."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் ஜன்னல் வழியாகத் தம்பியிடம் சொல்வார். முட்டைக்காரர் அக்காவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "சாப்பாடு ஆச்சுன்னு சொல்லுடா" என்று ஜன்னலில் குரல் வரும். தம்பி இருந்த இடத்திலிருந்தே "மாமா, சாப்பாடு ஆச்சாம்" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கத்துவான். எனக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் திட்டு விழும் என்று மாடிக்கு ஏறிவிடுவேன்.

ஒன்பதாம் நாள் முட்டைக்காரர் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மாப்ள, பின் பிரேக்கைப் பாரு. புடிக்கல."

மெக்கானிக்கின் முகம் மாறியது. மற்ற நாளாக இருந்தால் மாமாவைப் பத்து தடவை கிண்டலடித்திருப்பான்.

"மாமா, மொதல்லயே சொல்லிடறேன். இதுக்கு லைனிங் ஒட்டி எட்டு மாசம்தான் ஆகுது. என் கையால மாட்டினது."

"நான் உன்னைக் குத்தம் சொல்லல. புடிக்கலன்னு சொல்றேன்."

"எப்படிப் புடிக்கல? காலை வச்சா பெடல் தொளதொளன்னு கீழ போயிடுதா?"

"போகல. பெடல் கல்லு மாதிரி நிக்குது. வண்டிதான் நிக்கல." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ரெண்டு மூணு மாசமாவே கொஞ்சம் முன்னாடியே மிதிக்க ஆரம்பிச்சிருந்தேன். வயசாயிடுச்சு, காலுல பலமில்லைன்னு நெனச்சுக்கிட்டேன்."

மெக்கானிக் வண்டியை நடு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினான். பின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, குனிந்து கையாலேயே பெடலை அழுத்தினான். சக்கரம் டக்கென்று நின்றது. மறுபடி சுழற்றினான், மறுபடி நின்றது. பெடலிலிருந்து, பின் சக்கரத்தின் நடுவில் இருக்கிற பிரேக் டிரம்முக்குப் போகிற கம்பியைப் பிடித்து ஆட்டினான். அந்தக் கம்பி இழுக்கிற லீவரைக் காட்டி, "பாருங்க, அழுத்தினா கம்பியும் லீவரும் நேரா எல் மாதிரி நிக்குது. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றான். டிரம்மின் விளிம்பில் விரலை ஓட்டி முகர்ந்து பார்த்தான். எண்ணெய்க் கசிவு இல்லை. டிரம்முக்குள்ளே உரசி வண்டியை நிறுத்துகிற லைனிங் தேய்ந்திருக்கிறதா என்று லீவரின் தூரத்தை வைத்தே கணக்குப் போட்டான். தேயவே இல்லை.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "பிரேக் நல்லாத்தான் இருக்கு மாமா" என்றான்.

சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் சட்டென்று நின்றது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. பிரேக் நல்லாயிருக்கிறது என்றால் கால்தான் மிதிக்கவில்லை. முட்டைக்காரர் எதையுமே தொடாத தன் கைகளை மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்தார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, சைக்கிளில் பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு கடைகளுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஜன்னலில் எனக்கு ரொட்டி வந்தது. ஒரு கையால் செய்தது, ஓரமெல்லாம் கருகியிருந்தது.

"சார், நீங்க மெஷின்கூடவே இருக்கறவங்க. மெஷின் பொய் சொல்லுமா?"

"எங்க இன்ஸ்டிடியூட்ல நாலாவது மெஷின் பொய்தான் அக்கா சொல்லும். நான் அடிக்கறது ஒண்ணு, அது காட்டறது ஒண்ணு."

அக்கா சிரிக்கவில்லை.

"இருபத்திரண்டு வருஷமா அந்தக் காலுக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன் சார். அது எப்படி மிதிக்கும்னு எனக்குத் தெரியும். தள்ளுவண்டி என்ன, எமனே குறுக்க வந்தாலும் அந்தக் கால் முட்டைக்குத்தான் மிதிக்கும். பழகிப் போச்சு. அதுக்காக அவரைக் கெட்டவர்னு சொல்ல மாட்டேன். பின்னாடி நானும் உக்காந்திருக்கேன்னு அந்தக் காலுக்கு அந்த ஒரு நிமிஷம் தோணலையேன்னுதான் ஆறல. இனிமே எப்படி சார் அந்த வண்டியில ஏறி உக்காருவேன்?"

ரொட்டியைத் தின்றுகொண்டே நின்றேன். அந்த நேரத்திலும் தின்றேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டேன். "வெறும் சக்கரத்தைச் சுத்திப் பாத்தா என்னடா தெரியும்? யாரும் உக்காராத நாற்காலி எல்லாம் ஸ்ட்ராங்காத்தான் இருக்கும். பாரம் ஏத்தி ஓட்டிப் பாரேன்."

அவனும் தூங்கவில்லை போலிருக்கிறது, கண் சிவந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"சார், உங்க வெயிட் என்ன இருக்கும்?"

"அதை எதுக்கு நீ கேக்கற?"

"அக்காவைவிட ஜாஸ்திதான். பரவாயில்ல, முட்டைப் பெட்டியில ஈர மணலைப் பாதி ரொப்பித் தரேன், மடியில வச்சுக்கங்க."

யோசனை சொன்னவன் தலையில்தான் விடியும் என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். மேட்டு உச்சியில் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏறினேன். பத்து மணி வெயில், ரோடு காய்ந்திருந்தது. வளைவு வரும்போது, "மிதிக்கிறேன் சார், கெட்டியா இருங்க" என்றான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தயாரானேன். ஒன்றும் நடக்கவில்லை. வண்டி பாட்டுக்கு இறங்கியது. வளைவைத் தாண்டியது. இன்ஸ்டிடியூட் வாசலில் நின்ற என் மாணவிகள் நான்கு பேர், டைப் வாத்தியார் மணல் பெட்டியோடு உலா போவதை வாய் பிளந்து பார்த்தார்கள்.

"மிதிடா!" என்று கத்தினேன்.

"அது மேலதான் சார் நிக்கறேன்!"

உண்மையிலேயே நின்றுகொண்டிருந்தான். சீட்டிலிருந்து எழுந்து முழு உடம்பையும் பெடலின் மேல் போட்டிருந்தான். தெரு சமமாகிற இடத்தில், யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியலில் சக்கரம் ஏறி வண்டி நின்றது. வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடேறும்போது அவன் வாய் ஓய்ந்திருந்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

வந்ததும் சக்கரத்தைக் கழற்றினான். டிரம்மைத் திறந்து, ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, இரண்டு பிரேக் ஷூவையும் எடுத்தான். வளைந்த அலுமினியக் கட்டையின் முதுகில் ஒட்டியிருந்த லைனிங், கடையிலிருந்து வாங்கி வந்த அன்றைக்கு இருந்த கனத்திலேயே இருந்தது. அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பிடித்தான். கழுவிக் கவிழ்த்த கறுப்புப் பீங்கான் தட்டு மாதிரி பளபளவென்று மின்னியது. நகத்தால் கீறினான். நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சார், இது நான் பண்ணது."

"என்னடா சொல்ற?"

"இது இந்த வண்டி லைனிங் இல்ல. பாரம் ஏத்தற மூணு சக்கர வண்டிக்கு ஒட்டற கெட்டி லைனிங். அவனுங்க மூட்டை மூட்டையா ஏத்திக்கிட்டு ஓங்கி ஓங்கி மிதிப்பானுங்க, அதுல சூடேறித்தான் இது புடிக்கும். மாமா மிதிக்கற மிதிக்கு இது எங்க சூடாகும்? எட்டு மாசமா மேடு முழுக்க இதை நீவிக்கிட்டே வந்திருக்காரு. கண்ணாடி ஆயிடுச்சு." மூக்கை உறிஞ்சினான். "லைனிங் கடைக்காரர் அப்பவே வேணாம்னாரு. நான்தான் கேக்கல. நம்ம மாமா வண்டியாச்சே, ஜென்மத்துக்கும் தேயாம இருக்கட்டும்னு..."

அவன் ஜன்னலைப் பார்த்தான். நல்ல வேளையோ கெட்ட வேளையோ, அக்கா கட்டைக் காட்டிவிட்டு வர ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

"பேசாம வேற லைனிங் ஒட்டி மாட்டிடலாம் சார். வண்டி நிக்கும். யாருக்கும் தெரியாது."

"தெரியாதுதான்" என்றேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"நான் என்னடா சொல்றது? உங்க அக்கா, உங்க மாமா."

அவன் ஷூக்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு லைனிங் கடைக்குப் போனான். சாயங்காலமே மெத்தென்ற லைனிங் ஒட்டி வந்துவிட்டது. மறுநாள் முற்பகல் முழுவதும் அதிலேயே கழிந்தது. டிரம்மின் உட்புறத்தை உப்புத்தாளால் சுற்றிச் சுற்றித் தேய்த்து மினுமினுப்பைப் போக்கினான். ஷூக்களை விரிக்கிற கேமைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கடுகளவு கிரீஸ் வைத்தான். சக்கரத்தை மாட்டி, அச்சை முறுக்குவதற்கு முன் என்னைப் பெடலைப் பிடிக்கச் சொன்னான், ஷூ இரண்டும் சமமாக உட்காருவதற்காக. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அக்கா ஒற்றைக் கையால் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தார். அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சொல்லப் போவதில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

கடைசியாகப் பெடலின் ஆட்டத்தைச் சரிபார்க்கக் குனிந்தவன், "இது ஏன் இவ்வளவு கீழ நிக்குது? நேத்து ஓட்டறப்பவே கால் தேடுச்சு" என்றான். அட்ஜஸ்ட் நட்டைத் திருகினான், சரியாகவில்லை. பெடல் தண்டை ஓரமாகப் பார்த்தான். இரும்பு கீழ்ப்பக்கமாக வளைந்திருந்தது.

"விழுந்ததுல வளைஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஒரு குழாயை எடுத்து வந்து பெடலில் மாட்டினான், நெம்பி நிமிர்த்துவதற்கு. மாட்டியவன் நெம்பவில்லை.

"சார், வண்டி எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"இடது பக்கம். அக்காவுக்கு இடது கைதானே போச்சு?"

"பெடல் வலது பக்கம்ல இருக்கு."

இரண்டு பேரும் அந்தப் பெடலைப் பார்த்தோம். என் கட்டைவிரல் கனத்துக்கு இருந்தது அந்த இரும்பு. மெக்கானிக் அதன் மேல் ஏறி நின்றான். குதித்துக்கூடப் பார்த்தான். ஒரு நூல் அளவுக்கும் அது மேற்கொண்டு வளையவில்லை. இறங்கி, குழாயைக் கையில் பிடித்தபடி ஜன்னலுக்குப் போனான்.

"அக்கா, இங்க வா."

"அடுப்புல வேலையா இருக்கேன்."

"அணைச்சுட்டு வாக்கா."

அக்கா சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தார். கழுத்திலிருந்து துணியில் தொங்கிய கையில், மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. மெக்கானிக் எல்லாவற்றையும் சொன்னான். கெட்டி லைனிங்கைப் போட்டது, கடைக்காரர் தடுத்தது, மணல் பெட்டியோடு ஜல்லியில் போய் நின்றது, மூடி மறைக்க நினைத்தது, ஒன்று விடவில்லை. சொல்லச் சொல்ல அழுதான். அக்கா அவனைத் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் அவனைப் பார்க்கவே இல்லை, வளைந்த பெடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் காலா இதை வளைச்சுது?"

"வேற யாருக்கா? நான் குதிச்சுப் பாத்துட்டேன், அசையல."

அக்கா மெல்லக் குந்தி உட்கார்ந்து வலது கை விரல்களால் அந்த இரும்பைத் தடவினார். வளைவு தொடங்குகிற இடத்திலிருந்து நுனி வரைக்கும் ஒரு தரம். திரும்ப ஒரு தரம். அந்த நேரத்தில்தான் முட்டைக்காரர் காலிப் பெட்டியோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்து, என்ன ஏதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அக்கா நிமிரவில்லை. பெடலைப் பார்த்தபடியே பேசினார். பதினோரு நாளைக்கப்புறம் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

"கால் வலிச்சுதா?"

"எப்ப?"

"அன்னிக்கு."

"அன்னிக்குத் தெரியல. ரெண்டு நாள் குதிகாலை ஊன முடியல."

"சொல்லலியே."

"ஆஸ்பத்திரியில உனக்குக் கட்டுப் போட்டிருக்கறப்ப என் குதிகாலைப் பத்தி என்ன சொல்றது?"

அக்காவின் கண்ணிலிருந்து நீர் மாவுக்கட்டின் மேல் சொட்டியது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அங்கே நிற்பது தப்பு என்று தெரிந்தது. ஆனாலும் நின்றேன்.

"நான் ஒண்ணு சொல்லணும். விழறப்ப உங்க தோள்ல இருந்து கையை எடுத்துட்டேன். உங்களைப் புடிக்கல. ரெண்டு கையாலயும் பெட்டியைத்தான் கட்டிப் புடிச்சேன். அதனாலதான் கை போச்சு."

"தெரியும்" என்றார் முட்டைக்காரர்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படி?"

"தோள்ல கை இல்லாமப் போனா தெரியாதா?"

"தெரிஞ்சுமா இத்தனை நாள் நான் ஜன்னல்ல பேசின பேச்சையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தீங்க? திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கை ஒடிஞ்சு கெடக்கறவகிட்ட போய் அதையா கேப்பாங்க?"

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, அவரும் அக்காவுக்குப் பக்கத்தில் அந்த எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்தார். மெக்கானிக்குக்குத்தான் கையில் இருந்த குழாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு தரம் செருமினான்.

"அக்கா... இந்தப் பெடலை நிமித்தணுமே."

"இருக்கட்டும்டா" என்றார் அக்கா.

"கால் ரொம்பக் கீழ போகணும்க்கா, மாமாவுக்கு எட்டாது."

"எட்டும் மாப்ள" என்றார் முட்டைக்காரர்.

அவன் குழாயைச் சுவரோரம் வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொள்ளக் குழாயடிக்குப் போனான்.